கல்லூரி வளாகத்தில் மோதலுக்கு முன்பே தெரியும் அறிகுறிகளை யார், எங்கே சேர்த்துப் பார்ப்பது?

கேள்வி (எழுதியவர்: கரிசல்மண்)

அனைவருக்கும் வணக்கம். தென்மாவட்டம் ஒன்றிலுள்ள அரசு உதவி பெறும் இருபாலர் கல்லூரியில் ஒன்பது ஆண்டுகளாக உதவிப் பேராசிரியையாகப் பணியாற்றுகிறேன். காலை, மாலை ஷிப்டுகள் இரண்டிலுமாக ஏறத்தாழ 2,400 பேர் படிக்கும் கல்லூரி அது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பேருந்தில் வந்து போகிறவர்கள். இந்தக் கல்வியாண்டு முதல் வளாகப் பாதுகாப்புக் குழுவின் ஒருங்கிணைப்பாளர் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். அன்று முதல் என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் ஒன்றை இங்கே அனுபவமுள்ளவர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

சென்ற பருவத்தில் எங்கள் கல்லூரிக்கு எதிரே இருக்கும் பேருந்து நிறுத்தத்தில் இரண்டாமாண்டு மாணவர்கள் இரு பிரிவாக மோதிக்கொண்டார்கள். ஒரு மாணவருக்குத் தலையில் பதினொரு தையல் போட வேண்டியிருந்தது. இன்னொருவர் அத்துடன் படிப்பையே விட்டுவிட்டார். விசாரணைக் குழுவில் நானும் இருந்தேன். மோதலை விடவும், விசாரணையில் தெரியவந்தவையே என்னை அதிகம் வருத்தின. மூன்று வாரம் முன்பே, குறிப்பிட்ட நிறத்தில் கைக்கயிறு கட்டியவர்கள் மட்டும் ஒரு மேசையில் உட்காருவதையும், வேறு யாராவது அங்கே அமர்ந்தால் எழுப்பிவிடுவதையும் கேன்டீன் நடத்துபவர் கவனித்திருக்கிறார். மாலைப் பேருந்தின் நடத்துநர், பின் இருக்கைகளுக்காக இரண்டு முறை தள்ளுமுள்ளு நடந்ததைப் பார்த்து, ஒரு முறை வண்டியை நிறுத்தி எல்லோரையும் கீழே இறக்கியிருக்கிறார். ஒரு மாணவர் ஐந்து நாட்களாக இரவு உணவுக்கு வரவில்லை என்று விடுதிச் சமையலர் துணைக் காப்பாளரிடம் சொல்ல, உடம்புக்கு முடியவில்லை போலும் என்று அவர் அதை விட்டுவிட்டார். ஒரு மாணவர் அரிவாள் படத்துடன் தேதியும் போட்டு வைத்திருந்த வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை, அதே வகுப்பு மாணவி ஒருவர் தம் ஆசிரியரிடம் காட்டியிருக்கிறார். இந்த நால்வரும் பொறுப்பற்றவர்கள் அல்லர். தம்மிடம் இருந்த செய்தி சிறியது என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். நான்கையும் சேர்த்துப் பார்ப்பதற்கான இடம் எங்கள் கல்லூரியில் இல்லை.

சம்பவத்துக்குப் பிறகு நிர்வாகம் 32 கண்காணிப்புக் கேமராக்களைப் பொருத்தியது. வாயிலில் கூடுதலாக இரண்டு காவலாளிகளை நிறுத்தியது. அவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மோதல் நடந்த பேருந்து நிறுத்தமோ, கேன்டீன் மேசையோ, விடுதியின் இரவு உணவு வரிசையோ அந்தக் கேமராக்களின் பார்வைக்குள் வரவில்லை. இப்படிப்பட்ட செய்திகளைத் திரட்ட என்ன ஏற்பாடு செய்யலாம், சொல்ல வருகிறவரை எப்படிக் காப்பது, மாணவர்களை வேவு பார்ப்பதாக அது மாறிவிடாமல் எங்கே கோடு போடுவது, எந்தெந்த விஷயங்களைக் கல்லூரிக்குள்ளேயே பேசி முடிக்க எனக்கு உரிமை இல்லை என்பவற்றைத் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1 (எழுதியவர்: ஆலமரத்தடி)

பேராசிரியை அவர்களுக்கு வணக்கம். இரண்டு கல்லூரிகளில் முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நீங்கள் விசாரணையில் கண்டதைப் பல இடங்களில் நானும் கண்டிருக்கிறேன். 2008 நவம்பர் 12 அன்று சென்னை டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரியில் மாணவர்கள் மாணவர்களையே கட்டைகளால் அடித்ததையும், வாயிலில் காவலர்கள் உள்ளே போகாமல் நின்றதையும் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. கல்லூரியின் பெயரில் அம்பேத்கர் பெயரை விட்டுவிட்டு அச்சிட்ட சுவரொட்டி ஒன்று அதற்குச் சில நாள்கள் முன்பே வளாகத்தைக் கொதிக்க வைத்திருந்தது. சுவரில் ஒட்டியதை எல்லோரும் படித்திருப்பார்கள். அந்தக் கொதிப்பு எங்கே போய் முடியும் என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டியவர்கள் அதைச் செய்யாததன் விலையைத்தான் அன்று நாம் கண்டோம்.

அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 2007 ஏப்ரல் 16 அன்று ஒரு மாணவர் 32 பேரைச் சுட்டுக் கொன்றார். துப்பாக்கி எளிதில் கிடைக்கும் அந்த நாட்டின் நிலைமையை நம் கல்லூரிகளோடு ஒப்பிட நான் வரவில்லை. ஆனால் அதை ஆராய்ந்த குழு கண்டது நமக்கும் பொருந்தும். ஆங்கிலத் துறைக்கு ஒன்று தெரிந்திருந்தது, வளாகக் காவலர்களுக்கு ஒன்று, விடுதிக்கு ஒன்று, ஆலோசனை மையத்துக்கு ஒன்று. மாணவரின் அந்தரங்கத்தைக் காக்கும் சட்டம் தடுக்கிறது என்று தவறாக எண்ணிக்கொண்டு ஒருவரோடொருவர் பேசாமலேயே இருந்துவிட்டார்கள். அடுத்த ஆண்டே வர்ஜீனியா மாநிலம், அரசுப் பல்கலைக்கழகம் ஒவ்வொன்றும் இப்படிப்பட்ட தகவல்களைச் சேர்த்து ஆராய ஒரு குழுவை வைத்திருக்க வேண்டும் என்று சட்டமாக்கியது. பள்ளிகளில் நடந்த 37 தாக்குதல்களை அந்நாட்டு அரசுத் துறைகள் ஆராய்ந்து 2002-இல் வெளியிட்ட அறிக்கை, நூற்றுக்கு 81 சம்பவங்களில் குறைந்தது ஒருவருக்காவது முன்கூட்டியே விஷயம் தெரிந்திருந்தது என்கிறது. அந்த மாணவியின் கைப்பேசியில் இருந்த ஸ்டேட்டஸை இந்த எண்ணோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

நான் செய்து பார்த்த ஏற்பாட்டைச் சொல்கிறேன். வாரத்துக்கு ஒரு நாள், அரை மணி நேரம், ஐந்து பேர் உட்கார வேண்டும்: நீங்கள், உடற்கல்வி இயக்குநர், விடுதிக் காப்பாளர், அலுவலகத்தில் மாணவர்களோடு அதிகம் பழகும் ஓர் ஊழியர், மாணவர்கள் மனம் விட்டுப் பேசும் ஆசிரியர் ஒருவர். பதவி பார்த்து ஆளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். எங்கள் கல்லூரியில் அந்தக் கடைசி நாற்காலியில் பல ஆண்டுகள் இருந்தவர் நூலக உதவியாளர். எந்தச் செய்தி வந்தாலும், யார் பார்த்தது, எப்போது, என்ன பார்த்தார் என்பதை மட்டும் பதிவேட்டில் எழுத வேண்டும். “அவன் முரடன்”, “அந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான்” என்பவற்றை எழுதக் கூடாது. இந்த ஒரு விதியைக் கறாராகக் காத்தாலே நீங்கள் அஞ்சுகிற வேவு பார்க்கும் வேலையிலிருந்து பெரும்பாலும் விலகியிருக்கலாம். ஏனென்றால் ஆளைப் பற்றிய அபிப்பிராயம் பதிவேட்டில் ஏறும்போது சாதியும் ஊரும் கூடவே ஏறிவிடுகின்றன. கைக்கயிறு கட்டியிருக்கிறான் என்பதற்காக ஒருவன் பெயரை எழுதாதீர்கள். கயிறு கட்டாதவனை மேசையிலிருந்து எழுப்பினான் என்றால் எழுதுங்கள்.

அடுத்தது, சொல்கிறவரின் பாதுகாப்பு. இதில் நான் பெரிய தவறு செய்திருக்கிறேன். ஒரு முதலாண்டு மாணவன் என்னிடம் தனியாகச் சொன்ன விஷயத்தை, நல்லெண்ணத்தோடுதான், அவனுடைய துறைத்தலைவரிடம் பெயரோடு சொன்னேன். அவர் மறுநாள் வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் அவனை எழுப்பி விசாரித்துவிட்டார். அதற்குப் பின் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அந்தத் துறையிலிருந்து ஒரு புகாரும் வரவில்லை. புகாரே இல்லாத துறை என்று பேரவைக் கூட்டத்தில் அதைப் பாராட்டினார்கள். உண்மை என்ன என்பது எனக்குத் தெரியும். ஆகவே சொன்னவர் பெயர் ஐவரைத் தாண்டக் கூடாது. முடிந்தால் இருவரைத் தாண்டக் கூடாது. சொன்னவரிடம், பத்து நாட்களுக்குள் “நீங்கள் சொன்னதைப் பார்த்தோம், இதைச் செய்திருக்கிறோம்” என்று ஒருவர் போய்ச் சொல்லியே ஆக வேண்டும். உங்கள் நடத்துநரிடம் இதுவரை யாராவது போய் நன்றி சொன்னார்களா?

பதில் 2 (எழுதியவர்: கீழமைமன்றம்)

மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குரைஞராக இருக்கிறேன். கல்லூரிகளின் உள் புகார்க் குழு ஒன்றில் வெளி உறுப்பினராகவும் இருந்திருக்கிறேன். எவற்றைக் கல்லூரிக்குள் முடிக்க உரிமை இல்லை என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

முதலில் ராகிங். 1996 நவம்பரில் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் கொல்லப்பட்டதை அடுத்து, தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டத்தை 1997-இல் இயற்றியது. இலங்கை நாடாளுமன்றம் மறு ஆண்டே, 1998-இல், பகடிவதையை (ராகிங்கை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்) தடுக்கும் தனிச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. நம் மாநிலச் சட்டப்படி ராகிங் செய்தவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பலர் கவனிக்காத பகுதி ஒன்று அதில் இருக்கிறது: புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத கல்வி நிறுவனத் தலைவர், அந்தக் குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவராகவே கருதப்படுவார். பின்னர் உச்ச நீதிமன்றம் அமைத்த ஆர்.கே. ராகவன் குழு 2007-இல் அறிக்கை தந்தது. 2009-இல் இமாசலப் பிரதேசத்தில் இன்னொரு மருத்துவ மாணவர் இறந்த பிறகே பல்கலைக்கழக மானியக் குழு தன் விதிமுறைகளை வெளியிட்டது. குற்றம் என்று தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது அந்த விதிமுறை. இருதரப்புப் பெற்றோரையும் அழைத்து மன்னிப்புக் கடிதம் வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டு முடித்ததாகக் கருதும் வழக்கம் பல கல்லூரிகளில் இருக்கிறது. அந்தக் கடிதம், நாளை வழக்கு வரும்போது, உங்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது என்பதற்கான சான்றாகவே நிற்கும்.

அதே விதிமுறைகளில் இரண்டு நல்ல ஏற்பாடுகள் ஏட்டளவில் தூங்குகின்றன. முதலாண்டு மாணவர்களிடம் முதல் மூன்று மாதங்கள் பதினைந்து நாட்களுக்கு ஒரு முறை பெயரில்லாமல் கேள்வித்தாள் வழியாகக் கருத்துக் கேட்க வேண்டும் என்பது ஒன்று. ஆறு புதிய மாணவர்களுக்கு ஒரு மூத்த மாணவர் வழிகாட்டி என்பது மற்றொன்று. துண்டுச் செய்திகளைத் திரட்டும் வழியை நீங்கள் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பாதி வழி சட்டத்திலேயே போடப்பட்டிருக்கிறது. ராகிங் பற்றிப் புகார் சொல்வதற்கான அகில இந்திய இலவச உதவி எண் 1800-180-5522 வகுப்பறைச் சுவரில் மட்டுமின்றி விடுதிக் கழிப்பறைக் கதவின் உட்புறத்திலும் இருக்கட்டும், ஏனென்றால் யாரும் பார்க்காமல் எழுதிக்கொள்ள முடிகிற இடம் அதுதான்.

இரண்டாவது, பாலியல் துன்புறுத்தல். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள் புகார்க் குழுவுக்குத் தலைமை வகிப்பவர் பெண்ணாக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். வெளி உறுப்பினர் ஒருவர் கட்டாயம். கல்லூரிகளுக்கென மானியக் குழு வகுத்த விதிகள் புல முதன்மையரையும் துறைத்தலைவரையும் அதில் உறுப்பினராக்கக் கூடாது என்கின்றன. உங்கள் பாதுகாப்புக் குழுவிடம் இப்படி ஒரு புகார் வந்தால் நீங்கள் விசாரிக்கக் கூடாது. அந்தப் பெண் விரும்பினால் கூடவே சென்று உள் புகார்க் குழுவிடம் சேர்ப்பது மட்டுமே உங்கள் வேலை. சமரசம் என்பது அந்தப் பெண் தானே கேட்டால் மட்டும் செய்யக் கூடியது, அதிலும் பணம் பேசக் கூடாது. பலரும் மறப்பது ஒன்று: முதலாண்டில் சேரும் பலருக்குப் பதினேழு வயதுதான் ஆகியிருக்கும். பதினெட்டு நிரம்பாதவர் மீதான பாலியல் குற்றம் தெரிய வந்தால் போக்சோ சட்டப்படி காவல் துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். தெரிந்தும் மறைத்தால் அதுவே குற்றம்.

மூன்றாவது, சாதி இழிவு. பட்டியல் சாதி, பழங்குடி மாணவரைச் சாதி சொல்லித் திட்டியதை “பையன்களுக்குள் நடந்த வாய்த் தகராறு” என்று எழுதி முடிக்கும் அதிகாரம் எந்தக் கல்லூரிக் குழுவுக்கும் இல்லை. அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரக் கூடியது. முடிவு செய்ய வேண்டியது காவல் துறையும் நீதிமன்றமும்.

பதில் 3 (எழுதியவர்: கடைசிப்பெட்டி)

நான் சென்னையில் படித்தவன். படித்த மூன்று ஆண்டுகளில் முதல் ஒன்றரை ஆண்டு, மின்சார ரயிலில் எங்கள் வழித்தடத்தின் “ரூட்டு தல”, அதாவது அந்த வழித்தட மாணவர்களின் தலைவர், என்று சொல்லப்பட்டவரின் பின்னால் திரிந்தவன். இப்போது ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் பயிற்றுநராக இருக்கிறேன். நீங்கள் பேருந்து நிறுத்தத்தைப் பற்றி எழுதியிருந்ததால் இதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

கல்லூரிப் பாதுகாப்பு என்றால் பெரும்பாலானவர்கள் வாயிலுக்கு உள்ளே மட்டும் பார்க்கிறார்கள். எங்கள் காலத்தில் வாயிலுக்குள் எதுவும் நடக்காது. 2019 ஜூலையில் அரும்பாக்கத்தில் மாநகரப் பேருந்துக்குள்ளும் சாலையிலும் மாணவர்கள் பட்டாக்கத்தியோடு ஓடியதை நாடே பார்த்தது. அதற்கு முந்தைய மாதம் “பஸ் டே” கொண்டாட்டத்தில் பேருந்தின் கூரை மேல் இருந்த மாணவர்கள் கொத்தாகச் சாலையில் விழுந்தார்கள். 2024 அக்டோபரில் சென்ட்ரல் பகுதியில் தாக்கப்பட்ட மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் இறந்துபோனார். எல்லாம் கல்லூரிக்கும் வீட்டுக்கும் நடுவில் நடந்தவை.

புதிதாகச் சேரும் மாணவன் எப்படி இதற்குள் போகிறான் என்பதை யாரும் கேட்பதில்லை. என் வீட்டிலிருந்து கல்லூரிக்கு ஒன்றே முக்கால் மணி நேரப் பயணம். முதல் வாரம் யாரையும் தெரியாது, உடுப்பிலும் பேச்சிலும் கிராமம் தெரியும். மூன்றாம் நாள் ஒருவர் வந்து “நம்ம ரூட்டாடா நீ?” என்று கேட்டு, தோளில் கை போட்டு, உட்கார இடம் பிடித்துக் கொடுத்தார். கல்லூரியில் எனக்கு அதற்குள் அந்த அளவு அன்பாகப் பேசியவர் வேறு எவரும் இல்லை. அடுத்த மாதம், எங்கள் வழித்தடத்தில் ஒருவனை வேறு கல்லூரிக்காரர்கள் அடித்தார்கள் என்று சொல்லிக் கூப்பிட்டபோது, அந்த இருக்கைக்காகத்தான் போனேன். ஆகவே பேராசிரியை அவர்களே, உங்கள் மாணவர்களில் எந்த ஊரிலிருந்து எத்தனை பேர், எந்தப் பேருந்தில், எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்று முதலில் ஒரு பட்டியல் எடுங்கள். முதல் வாரத்திலேயே அந்த வழித்தடத்துப் புதிய மாணவர்களை நல்ல மூத்த மாணவர் ஒருவரோடு சேர்த்துவிடுங்கள். மேலே ஒருவர் சொன்ன ஆறு பேருக்கு ஒருவர் என்ற ஏற்பாட்டை வகுப்பு வாரியாகச் செய்யாமல் வழித்தட வாரியாகச் செய்தால் அதற்கு உயிர் வரும்.

இடைநீக்கம் பற்றியும் சொல்ல வேண்டும். என்னையும் இன்னும் ஆறு பேரையும் பதினைந்து நாள் நீக்கினார்கள். அந்தப் பதினைந்து நாளும் காலை முதல் மாலை வரை கல்லூரி வாயிலுக்கு எதிர்க் கடையில்தான் உட்கார்ந்திருந்தோம். செய்வதற்கு வேறு வேலை இல்லை. எதிர்த்தரப்பும் அப்படியே. இரண்டாவது மோதல் அந்தப் பதினைந்து நாளில்தான் நடந்தது. கத்தி எடுத்தவனைக் கல்லூரிக்குள் வைத்திருக்கச் சொல்லவில்லை; அவன் விஷயம் காவல் துறைக்கு உரியது. கூட நின்றவனை வெறுமனே வெளியே அனுப்பாமல், தினமும் ஒரு ஆசிரியரிடம் வந்து கையெழுத்துப் போட வைத்து, நூலகத்திலோ ஆய்வகத்திலோ வேலை கொடுத்து, மாலையில் தகப்பனாரோடு அனுப்புவது நல்லது. என்னை அந்த வழியிலிருந்து மீட்டவர் எங்கள் விலங்கியல் ஆய்வக உதவியாளர். மாலை நான்கரை மணி ரயிலைத் தவறவிட்டு ஐந்தரைக்குப் போகும்படி ஒரு பருவம் முழுக்க ஏதாவது வேலை கொடுத்துக்கொண்டே இருந்தார். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பது எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் விளங்கியது.

பதில் 4 (எழுதியவர்: மூன்றாம்மாடி)

மகளிர் விடுதிக் காப்பாளராக இருக்கிறேன். ஒரு எச்சரிக்கையை மட்டும் சேர்க்கிறேன்.

2024 டிசம்பர் 23 அன்று அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவர் வெளி ஆள் ஒருவரால் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். அந்த மாணவி துணிந்து மறுநாளே புகார் கொடுத்தார். ஆறு மாதத்துக்குள், 2025 ஜூன் தொடக்கத்தில், சென்னை மகளிர் நீதிமன்றம் குற்றவாளிக்கு முப்பது ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுள் சிறை விதித்தது. ஆனால் இடையில், அவருடைய அடையாளம் தெரியும்படியாக முதல் தகவல் அறிக்கை வெளியில் கசிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதைக் கண்டித்து 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது. புகார் கொடுக்கத் தயங்கி என் அறை வாசலில் நின்ற இரண்டு மாணவிகள் அந்தக் கசிவைச் சொல்லித்தான் திரும்பிப் போனார்கள். எனவே உங்கள் பதிவேட்டை யாரும் கைப்பேசியில் படம் எடுக்க முடியாதபடி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. இப்படிப்பட்ட செய்தி வந்த மறுநாள் பெரும்பாலான விடுதிகள் செய்யும் முதல் காரியம், மாணவிகள் திரும்பும் நேரத்தை ஒரு மணி முன்னால் நகர்த்துவது. எட்டு மணி ஏழாகும், ஏழு ஆறாகும். தவறு செய்தவன் வெளியே இருக்க, நூலகத்தை இழப்பவள் மாணவியாகிறாள். பிறகு பேருந்திலோ ஆய்வகத்திலோ ஒருவன் தொந்தரவு கொடுத்தால் அவள் சொல்ல மாட்டாள்; சொன்னால் இன்னும் ஒரு மணி நேரம் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். நாங்கள் அதற்குப் பதிலாக, மாதம் ஒரு முறை இரவு எட்டு மணிக்கு மின் பணியாளர், காவலாளி, நான்கு மாணவிகள், நான் என்று நூலகத்திலிருந்து விடுதி வரை நடக்கிறோம். எந்த விளக்கு எரியவில்லை, எந்தப் புதர் வழியை மறைக்கிறது, சுற்றுச்சுவர் எங்கே இடிந்திருக்கிறது, எந்தக் கேமரா வெறும் பெட்டியாக நிற்கிறது என்று அந்த மாணவிகளே குறித்துக் கொடுப்பார்கள். முதல் நடையிலேயே பதினேழு குறைகள் வந்தன. அவற்றில் பன்னிரண்டை ஒரு வாரத்தில் சரி செய்ய முடிந்தது.

கரிசல்மண் (கேள்வி கேட்டவர்) எழுதியது

எல்லோருக்கும் நன்றி. வாரக் கூட்டத்துக்குச் செவ்வாய்க் கிழமையைக் குறித்திருக்கிறேன். வழித்தடப் பட்டியலை என்.எஸ்.எஸ். மாணவர்கள் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். நடத்துநரை இன்று மாலை நிறுத்தத்திலேயே பார்த்துப் பேசினேன். “யாரிடம் சொல்ல வேண்டும் என்று தெரிந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேனம்மா” என்றார்.

ஒரு சந்தேகம் மீதியிருக்கிறது. அந்த அரிவாள் ஸ்டேட்டஸ் போன்ற ஒன்று நாளை மறுபடி வந்தால், அல்லது ஒரு மாணவர் தன்னையே மாய்த்துக்கொள்வதாக எழுதினால், அந்த நிமிடத்தில் நான் என்ன செய்ய வேண்டும்? வெறும் வாய்ப்பேச்சா, உண்மையான ஆபத்தா என்று எப்படிப் பிரிப்பது?

பதில் 5 (எழுதியவர்: கேட்கும்செவி)

மாணவர் ஆலோசகராக இருக்கிறேன். இரண்டும் வேறு வேறு போலத் தோன்றினாலும் தொடக்கம் ஒன்றுதான்: அந்த மாணவரை அன்றைக்கே, தனியாக, கூட்டம் கூட்டாமல் சந்தித்து நேரடியாகக் கேட்க வேண்டும். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டியதாகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை, பெரும்பாலானவர்கள் யாராவது கேட்டார்களே என்று அழுதுவிடுகிறார்கள். ஆம் என்று சொன்னால் அவரைத் தனியே விடாதீர்கள். வீட்டில் பூச்சிமருந்தோ வேறு எதுவோ கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் அகற்றச் சொல்லுங்கள். வீட்டாரிடம் நீங்களே கொண்டுபோய் ஒப்படையுங்கள். அன்றைக்கே மருத்துவரிடம் சேருங்கள். இரவு நேரமானால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் இலவச மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம். நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் நிறுவனம் எதுவும் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரை வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் சொல்லிவிட்டது. நிர்வாகத்திடம் நீங்கள் இதை உறுதியாகக் கேட்கலாம்.

பிறரைத் தாக்குவதாகச் சொல்லும்போது நான்கு விஷயங்களைக் கேட்டு அறியுங்கள். இலக்கு யார் என்று பெயர் இருக்கிறதா? நாள் அல்லது இடம் சொல்லியிருக்கிறாரா? ஆயுதம் கைக்கு எட்டுமா? அண்மையில் அவர் பெரிய அவமானம் எதையாவது சந்தித்தாரா? உங்கள் மாணவருடைய ஸ்டேட்டஸில் படமும் இருந்தது, தேதியும் இருந்தது. இவற்றில் இரண்டு சேர்ந்தாலே செவ்வாய்க் கிழமைக்காகக் காத்திருக்கக் கூடாது. முதல்வர், பெற்றோர், காவல் நிலையம் மூன்று இடத்துக்கும் அன்றே போக வேண்டும், இலக்காகச் சொல்லப்பட்ட மாணவரும் அன்று தனியாக வீட்டுக்குப் போகக் கூடாது. நான்காவது கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். நான் பார்த்த மாணவர்களில் பெரும்பாலானவர்களுக்கு, அடிக்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு முன்னால் யாரோ எல்லோர் முன்னிலையிலும் சிறுமைப்படுத்திய ஒரு நாள் இருந்தது. சில வேளைகளில் அந்தச் சிறுமை வகுப்பறையில், ஆசிரியரின் வாயிலிருந்தே வந்திருந்தது.

கரிசல்மண் எழுதியது

மிக்க நன்றி. கடைசியாக ஒன்று, ஆலமரத்தடி ஐயா அவர்களிடம் கேட்கிறேன். இந்தப் பதிவேட்டை எத்தனை காலம் வைத்திருப்பது? பத்தொன்பது வயதில் ஒரு மாணவர் செய்த ஒன்று, அவர் வேலைக்குப் போகும் காலத்தில் அவரைத் துரத்தக் கூடாது என்று எனக்குத் தோன்றுகிறது.

பதில் 6 (எழுதியவர்: ஆலமரத்தடி)

சரியாகக் கேட்டீர்கள். நடத்தைச் சான்றிதழுக்கும் இந்தப் பதிவேட்டுக்கும் எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது; முதல் கூட்டத்திலேயே இதை எழுத்து மூலம் முடிவு செய்து முதல்வரின் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள். காவல் வழக்கோ, உள் புகார்க் குழு விசாரணையோ நிலுவையில் உள்ள பக்கங்கள் தவிர மற்றவற்றை, அந்த மாணவர் மாற்றுச் சான்றிதழ் வாங்கிய கல்வியாண்டின் முடிவில் ஐந்து பேரும் கூடி அழித்துவிட வேண்டும்; அழித்த தேதியை மட்டும் குறித்து வைத்தால் போதும். கணினியிலோ கைப்பேசியிலோ ஏற்றாமல் கையால் எழுதிய ஒரே படியாக வைத்திருங்கள். அலமாரிக்கு இரண்டு பூட்டுப் போட்டு, ஒரு சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதை நிர்வாகத்தைச் சேர்ந்த எவரிடமும் கொடுக்காதீர்கள். எங்கள் கல்லூரியில் அது அந்த நூலக உதவியாளரிடம் இருந்தது.